கால் தம்ளர் கொழுப்பு

முகத்தில் செய்யப்படும் லைபோசக்ஷன், அதாவது மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சை, பெரும்பாலும் முகத்தில் நடப்பதில்லை. மக்கள் இரட்டை நாடி என்று சொல்லும் மோவாயின் அடிப்பகுதியிலும், தாடை விளிம்பை ஒட்டியும், கழுத்தின் மேற்பகுதியிலும்தான் அது நடக்கிறது. அங்கிருந்து வெளிவரும் கொழுப்பு பொதுவாக 20 முதல் 40 மில்லிலிட்டர்வரைதான் இருக்கும் என்பதால், வயிற்றிலிருந்து லிட்டர் கணக்கில் எடுக்கப்படுவதைக் கேள்விப்பட்டு வருபவர்கள், காபித் தம்ளரில் கால் பங்குகூட நிரம்பாத இந்த அளவைப் பார்த்து ஏமாற்றம் அடைகிறார்கள். ஆனால் வயிற்றில் 20 மில்லிலிட்டர் கூடுதலாக எடுக்கப்பட்டால் அது எவர் கண்ணுக்கும் படாது; கழுத்தில் 5 மில்லிலிட்டர் கூடுதலாக எடுக்கப்பட்டாலே எதிரில் உட்கார்ந்து பேசுபவருக்குத் தெரிந்துவிடும். சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தொழிலில் இருக்கும் இக்கட்டுரையாளரிடம் வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது எவ்வளவு எடுப்பீர்கள் என்பதையே. எவ்வளவு விட்டுவைப்பீர்கள் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விட்டுவைப்பதன் அருமையை இக்கட்டுரையாளர் கற்றது அழகுச் சிகிச்சைக் கூடத்தில் அன்று. அவர் பயிற்சி பெற்ற 1990களின் முற்பகுதியில், அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை என்பது தீக்காயம், சாலை விபத்து, உதட்டுப் பிளவு, இயந்திரத்தில் நசுங்கிய கை ஆகியவற்றின் துறையாகவே இருந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்துச் சேர்க்கப்பட்ட பெண்கள் உயிர் பிழைத்து வார்டை விட்டுப் போன பிறகு, சில மாதங்களில் கழுத்து நெஞ்சோடு இழுத்துப் பிடித்த நிலையில் திரும்பி வருவார்கள். தோலுக்கும் தசைக்கும் இடையில் இருந்த கொழுப்பு அடுக்கு எரிந்து போனதால், தோல் தசையோடு ஒட்டிக்கொண்டு, அவர்கள் பேசினாலும் விழுங்கினாலும் தசையோடு சேர்ந்து இழுபடும். அந்தக் கழுத்துகளில் பல மணி நேரம் வேலை செய்த பிறகுதான், கொழுப்பு என்பது தோல் வழுக்கி நகர்வதற்காக உடல் விரித்து வைத்திருக்கும் மெத்தை என்பது கைக்குப் புரிந்தது. நெருப்பு தின்ற அதே அடுக்கை நன்றாக இருக்கும் ஒருவரிடமிருந்து காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் வேலையில் பிற்காலத்தில் இறங்கியபோது, அந்த வார்டின் நினைவு கையைப் பிடித்து நிறுத்தியதுண்டு. எப்போதும் நிறுத்தியது என்று சொல்வதற்கில்லை. அதைப் பின்னர் சொல்ல வேண்டும்.

இந்தச் சிகிச்சை வந்த வழியும் அச்சம் தரக்கூடியதே. 1920களில் பாரிஸில் ஒரு நடனக் கலைஞரின் காலை மெலிதாக்குவதற்காகக் கருப்பையைச் சுரண்டும் கருவியால் கொழுப்பைச் சுரண்டி எடுத்தபோது இரத்தக் குழாய் அறுபட்டு, இறுதியில் காலையே வெட்டியெடுக்க நேர்ந்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் அந்தப் பக்கம் போகத் துணியவில்லை. 1970களின் நடுவில் ரோம் நகரைச் சேர்ந்த தந்தையும் மகனுமான ஃபிஷர்கள் உறிஞ்சும் குழாயைக் கொண்டுவந்தார்கள். 1977இல் பாரிஸில் இவ் ஜெரார் இலூஸ் அதன் முனையை மழுங்கலாக்கி, இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் வெட்டாமல் ஒதுக்கிச் செல்லும் முறையை நிலைநிறுத்தினார். கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987இல் வெளியிட்ட முறைதான் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம்: மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைனையும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினையும் மிக நீர்த்த நிலையில் உப்புநீரில் கலந்து, அந்த இடம் விம்மி இறுகும்வரை செலுத்துவது. இதனால் இரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. முழு மயக்கம் இல்லாமலே சிகிச்சை செய்யவும் முடிந்தது. சாதாரணமாக அட்ரினலினோடு சேர்த்து உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பதே லிக்னோகைனின் எல்லையாக இருக்க, இந்த நீர்த்த முறையில் 35 மில்லிகிராம்வரை பாதுகாப்பானது என்று கிளைன் 1990இல் காட்டினார். கழுத்துக்குத் தேவைப்படுவது இதில் சிறு பங்குதான் என்றாலும், சிகிச்சைக்கு வருபவர் தம் எடையையும், இதயத்துடிப்பு, கல்லீரல் தொடர்பாக உண்டுவரும் மருந்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தப்படுவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

தமிழ்நாட்டில் இம்முறை பரவத் தொடங்கிய காலத்தில், அதைக் கற்றவர்கள் பெரும்பாலும் வயிற்றிலும் தொடையிலும் கற்றுவிட்டுத்தான் கழுத்துக்கு வந்தார்கள். கை அந்தப் பெரிய பரப்பின் பழக்கத்தோடு வந்ததால் பிழைகளும் கூடவே வந்தன. இக்கட்டுரையாளரின் தனித்தொழிலின் மூன்றாம் ஆண்டில் வந்த, இருபத்தாறு வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, மோவாயின் கீழ் நடுப்பகுதியில் கொழுப்பு முழுவதும் போகட்டும் என்று குழாய் பலமுறை ஓடியது. ஆறாம் வாரத்தில் கழுத்து மெலிந்து, கோணம் கூர்மையாகி, நோயாளியும் மருத்துவரும் மகிழ்ந்தார்கள். ஆறாம் மாதத்தில் நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, அதன் இரு பக்கமும் தசையின் விளிம்புகள் கயிறுபோல் எழும்பி நின்றன; படமெடுத்த பாம்பின் கழுத்தைப் போலத் தோன்றுவதால் இதை நாகக் கழுத்து என்றே அறுவை மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். தோல் தசையோடு ஒட்டியிருந்ததால் அவர் வகுப்பில் உரக்கப் பேசும்போதெல்லாம் கழுத்தில் கோடுகள் ஓடின. தீக்காய வார்டில் பார்த்த அதே காட்சி, அளவில் சிறியதாக, இம்முறை மருத்துவரின் கையாலேயே உண்டாக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் கோபப்படவில்லை. பவுடர் போட்டால் மறையுமா என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு கத்தியை எடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரமே இக்கட்டுரையாளரின் தொழிலில் பெரும்பகுதியாயிற்று. மோவாயின் கீழ் தெரியும் பருமன் ஒரே பொருளால் ஆனதன்று. தோலுக்கடியில் முதலில் ஒரு கொழுப்பு அடுக்கு இருக்கிறது. அதற்குக் கீழே பிளாட்டிஸ்மா எனப்படும், மல்வேட்டித் துணியளவே தடிப்புள்ள அகலமான தசை, மார்பின் மேல் விளிம்பிலிருந்து தாடைவரை விரிந்திருக்கிறது. அதற்கும் அடியில் இன்னொரு கொழுப்புத் திரளும், உமிழ்நீர்ச் சுரப்பிகளும், நாவைத் தாங்கும் ஹயாய்டு எலும்பும் இருக்கின்றன. உறிஞ்சும் குழாய் பாதுகாப்பாகச் சென்று வரக்கூடியது முதல் அடுக்கில் மட்டுமே. ஆகவே சதையை இரு விரல்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு, பற்களைக் கடித்துக் கழுத்தை இறுக்கச் சொன்னால், இறுக்கிய பிறகும் விரல்களுக்கு இடையில் நிற்பது மேல் அடுக்குக் கொழுப்பு. நழுவி உள்ளே போவது தசைக்கு அடியில் உள்ளது. பின்னதற்குக் குழாய் உதவாது. மோவாயின் கீழ்க் கோடு கிழித்துத் திறந்து செய்யும் வேறொரு அறுவை தேவைப்படும். ஹயாய்டு எலும்பு பிறவியிலேயே தாழ்ந்தும் முன்தள்ளியும் இருப்பவருக்கு எவ்வளவு கொழுப்பை எடுத்தாலும் கழுத்துக் கோணம் கூர்மையாகாது. கீழ்த்தாடை பின்வாங்கியிருப்பவருக்கோ உண்மையில் குறைவாக இருப்பது எலும்பு. அவருக்குக் கொழுப்பை எடுப்பதைவிட மோவாயை முன்னுக்குக் கொண்டுவருவதே பொருத்தமாக இருக்கும். இந்தச் சோதனைகள் எவையும் கருவி கேட்பவையல்ல. பக்கவாட்டில் நிற்க வைத்துப் பார்க்கவும், விரலால் பிடித்துப் பார்க்கவும், குனியச் சொல்லிப் பார்க்கவும் தெரிந்தால் போதும். முதல் சந்திப்பில் கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல் கட்டணம் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

கொழுப்பே அல்லாத வீக்கங்களும் இதே கோரிக்கையோடு வருகின்றன. முகம் முழுவதும் உப்பி, சோர்வும் மலச்சிக்கலும் சேர்ந்திருந்த பெண்கள் பலருக்கு இரத்தப் பரிசோதனையில் தைராய்டுக் குறைபாடு தெரியவந்து, மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் முகம் தானாகவே இளைத்திருக்கிறது. கன்னத்தின் பின்பகுதி சதுரமாகப் புடைத்து வந்த இளைஞர்களில் சிலருக்கு அது இரவில் பல் நறநறக்கும் பழக்கத்தால் பெருத்துப்போன மெல்லும் தசையாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் உருண்டிருந்த சதையை அகற்றக் கேட்டு வந்த ஒருவருக்கு ஊசியால் உறிஞ்சிச் சோதித்தபோது காசநோய்க் கழலை என்று தெரிந்தது. மூட்டு வலிக்காகப் பெயரில்லாத பொட்டலப் பொடியை ஓராண்டாகத் தின்றுவந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர், முழு நிலவு போல் வட்டமான முகத்தோடு வந்தார். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் அப்படித்தான் ஆகும் என்பதால், அவர் அறுவைக்கூடத்துக்குப் பதிலாகப் பொதுமருத்துவரிடம் அனுப்பப்பட்டார். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால் படிப்படியாகக் குறைத்தார்கள். இரு பக்கமும் ஒத்திராத பருமன், அண்மையில் திடீரென வந்த பருமன், தொட்டால் வலிக்கும் பருமன் ஆகிய மூன்றையும் அழகுப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கன்னத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகத்தின் கொழுப்பு ஒரே விரிப்பாகப் பரவியிருக்கிறது என்றுதான் பழைய தலைமுறை மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள்; டெக்சாஸின் டாலஸில் ரோரிச்சும் பெஸ்ஸாவும் சடலங்களின் முகத்தில் சாயம் செலுத்தி ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, அது தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. வயது ஏறும்போது இந்த அறைகளில் சில, குறிப்பாகக் கன்னத்தின் ஆழத்தில் இருப்பவை, வற்றுகின்றன. அவற்றின் மேலிருந்த தோல் தாங்கலிழந்து சரிவதால்தான் மூக்கோரத்துக் கோடு ஆழமாகிறது. இருபத்திரண்டு வயதில் பாரமாகத் தெரியும் கன்னச் சதை நாற்பத்தைந்து வயதுக்கான சேமிப்பு. ஆகவே கன்னத்தில் குழாய் விடுவதை இக்கட்டுரையாளர் அடியோடு கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இதற்கு மாற்றாக அண்மை ஆண்டுகளில் வலுவாகக் கேட்கப்படுவது வாய்க்குள்ளிருந்து கன்னக் கொழுப்புருண்டையை எடுப்பது. பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் பிஷா பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கொழுப்புதான் என்று விளக்கியதால் அவர் பெயரால் வழங்கப்படும் அந்த உருண்டை, ஒரு பக்கத்தில் சராசரியாக 10 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவான அளவுடையது; அதன் அருகிலேயே உமிழ்நீர்க் குழாயும் முக நரம்பின் கிளைகளும் செல்கின்றன. அதை எடுப்பது லைபோசக்ஷனே அன்று. வாயின் உட்புறத்தைக் கீறிச் செய்யும் வேறு அறுவை. மிக வட்டமான, தடித்த முகத்தில் அளவோடு எடுத்தால் பயன் உண்டு. ஆனால் திரை நடிகைகளின் ஒட்டிய கன்னத்தைப் படத்தில் காட்டிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒடுங்கிய முகம் உடையவர்கள். அவர்களுடைய தாயின் புகைப்படத்தை அடுத்த முறை கொண்டுவரச் சொல்வது இக்கட்டுரையாளரின் வழக்கம். ஐம்பது வயதில் அந்தக் கன்னம் எப்படி இருக்கும் என்பதை மருத்துவர் விளக்குவதைவிட அம்மாவின் முகம் தெளிவாக விளக்கிவிடுகிறது. அதைப் பார்த்த பிறகு திரும்பி வராதவர்கள் அதிகம்.

வயதைப் பொறுத்தவரை, தோலின் சுருங்கும் திறனே முடிவு செய்கிறது. கொழுப்பை எடுத்த பிறகு உள்ளே குறைந்த இடத்துக்கு ஏற்பத் தோல் தானாகச் சுருங்க வேண்டும். இருபதுகளிலும் முப்பதுகளிலும் பெரும்பாலும் அது நடக்கிறது. தோலை இழுத்து விட்டால் உடனே ஒட்டிக்கொள்ளாமல் மெல்லத் திரும்புபவருக்கு, ஐம்பதைக் கடந்தவருக்கு, அண்மையில் இருபது முப்பது கிலோ இளைத்தவருக்குக் கொழுப்பை மட்டும் எடுத்தால் காற்றுப் போன பலூன் போலத் தோல் தொங்கும்; முன்பு சதையாக இருந்தது பின்பு வெறும் தோலாக இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. எடை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர் அது ஒரு நிலைக்கு வந்து ஆறு மாதமாவது ஆகும்வரை காத்திருக்க வேண்டும்.

நாள் குறிப்பதில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு நெருக்கடி உண்டு. மார்கழியில் திருமணம் இல்லாததால் அம்மாதம் முழுவதும் மணப்பெண்ணை அழைத்துக்கொண்டு தாய்மார்கள் வருகிறார்கள். "தை பத்தாம் தேதி முகூர்த்தம் டாக்டர், அதுக்குள்ள இந்த நாடிச் சதை மட்டும் போயிட்டா போதும்" என்ற வேண்டுகோளை இக்கட்டுரையாளர் ஆண்டுதோறும் கேட்டிருக்கிறார். முதல் வாரத்தில் கன்றிப்போன நீலமும் வீக்கமும் இருக்கும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில், வடிந்துவிட்டது என்று நினைக்கும் வேளையில், உள்ளே ஆறும் திசு கெட்டிப்பட்டுக் கட்டிகட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். தொட்டால் உணர்ச்சி இல்லாத மரப்பு சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை நீடிக்கும். உண்மையான வடிவம் தெரிய மூன்று மாதம், முழுதாக அடங்க ஆறு மாதம் ஆகும். ஆகையால் தைத் திருமணத்துக்கு ஆடியிலேயே வந்திருக்க வேண்டும். மார்கழியில் வருபவரை மறுத்து அனுப்பினால் அவர் வேறொரு இடத்தில் செய்துகொள்வார் என்பது தெரிந்திருந்தும், திருமணப் புகைப்படத்தில் வீங்கிய கழுத்தோடு நிற்கப்போவதைத் தெரிந்தே செய்ய முடியாது. சில தாய்மார்கள் இதை மணமகன் வீட்டாருக்குச் சொல்லாமல் செய்ய விரும்புகிறார்கள். அப்போது பெண்ணோடு தனியாகப் பத்து நிமிடம் பேசாமல் நாள் கொடுப்பதில்லை. பேசும்போது, இது தமக்கு வேண்டவே வேண்டாம் என்று அழுத பெண்கள் உண்டு.

சிகிச்சைக்கு முந்தைய தயாரிப்பில் பெரும் சிக்கல் மருந்துகளில்தான். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள்; ஆனால் மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து, தலைவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை ஆகியவற்றை மருந்து என்றே கருதாததால் சொல்வதில்லை. இதயத்துக்காகக் கொடுக்கப்பட்ட மருந்தைத் தாமாக நிறுத்துவது இரத்தப்போக்கைவிடப் பெரிய ஆபத்து. அதைக் கொடுத்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். புகைப்பவர்களுக்குத் தோலின் இரத்த ஓட்டம் குறைவதால், பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்லப்படுகிறது. உடம்பில் வேறெங்காவது காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ தடித்துக் கீலாய்டுத் தழும்பாக வளர்ந்திருந்தால் அதைக் காட்டிவிட வேண்டும். நம் தோல் நிறத்தில் தழும்பு தடிப்பதும், கன்றிய இடம் கருமை தட்டி மாதக்கணக்கில் நிற்பதும் வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்ட பாடநூல்கள் சொல்வதைவிட அதிகம்.

சிகிச்சை நாளில் அடையாளக் கோடுகள் நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே வரையப்படுகின்றன. படுத்தால் கழுத்தின் சதை பின்னோக்கிச் சரிந்து உருவம் மாறிவிடும். மோவாயின் கீழ் மடிப்பிலும் இரு காது மடல்களின் பின்னாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அளவில் கீறல்கள் போட்டு, மரப்பு நீரைச் செலுத்தி, தோல் வெளுக்கும்வரை கால் மணி நேரத்துக்கும் மேல் பொறுத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில் அவசரப்பட்டவர்களின் நோயாளிகளுக்குத்தான் கன்றல் அதிகம். பிறகு 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள மழுங்கிய குழாய், அதன் துளை தோலைப் பார்க்காமல் கீழ்நோக்கி இருக்குமாறு, விசிறி மடிப்புகளைப் போலப் பல பாதைகளில் முன்னும் பின்னும் செல்கிறது. இயந்திரப் பம்பைவிடக் கையால் இழுத்துப் பிடிக்கும் 10 மில்லிலிட்டர் சிரிஞ்சையே இக்கட்டுரையாளர் முகத்துக்கு விரும்புகிறார். பாரிஸின் பியர் ஃபூர்னியே பரப்பிய இந்த எளிய முறையில் எடுத்த அளவு கண்ணெதிரிலேயே கோடுகளில் தெரியும். வலக்கை குழாயை ஓட்ட, இடக்கை தோலைப் பிடித்து அதன் தடிப்பை அளந்துகொண்டே இருக்கும். எங்கே நிறுத்துவது என்பதை அறிவது இடக்கைதான். தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் கொழுப்பு சீராக மிஞ்சியிருக்க வேண்டும்.

தாடை விளிம்பில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. கீழுதட்டின் ஓரத்தைக் கீழே இழுக்கும் தசைக்குச் செல்லும் நரம்பு அங்கே ஓடுகிறது. டிங்மனும் கிராப்பும் நூறு பாதிமுகங்களை அறுத்துப் பார்த்து 1962இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த நரம்பு முகத் தமனிக்குப் பின்னால் தாடை எலும்பின் விளிம்புக்குக் கீழே இறங்கி வருவது தெரிந்தது. மழுங்கிய குழாய் அதை அறுப்பது அரிது, ஆனால் இடித்துவிடலாம். வங்கி ஊழியர் ஒருவருக்குச் சிகிச்சை முடிந்த மறுநாள் சிரிப்பு ஒரு பக்கம் கோணியது. இயல்பாகிவிடும் என்று சொல்லப்பட்டதை அவர் நம்பவில்லை, ஆறு வாரம் கவுன்டரில் உட்காராமல் உள்ளறை வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். ஏழாம் வாரத்தில் சிரிப்பு நேரானது. இத்தகைய கோணல் பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடுகிறது; ஆனாலும் நேரலாம் என்பதை முன்கூட்டியே கேட்டிருந்தவருக்கும் பின்னால் கேட்பவருக்கும் அந்த ஆறு வாரம் ஒன்றாக இருப்பதில்லை.

ஊசியும் கருவிகளும் வந்த பிறகு கத்தியே வேண்டாம் என்ற நம்பிக்கை பரவியது. பித்தநீரில் இயற்கையாக உள்ள டிஆக்ஸிகோலிக் அமிலத்தை மோவாயின் கீழ் ஊசியாகப் போட்டுக் கொழுப்புச் செல்களைக் கரைக்கும் முறைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015இல் ஒப்புதல் தந்தது. ஓர் அமர்வில் 50 ஊசிகள்வரை, குறைந்தது ஒரு மாத இடைவெளியில் ஆறு அமர்வுகள்வரை என்பது அதன் அளவு. மிதமான கொழுப்புக்கு அது பயன் தருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வீக்கம் கணிசமானது, மேலே சொன்ன நரம்பும் அதற்கு விலக்கன்று. குளிரால் கொழுப்பை உறைய வைக்கும் கருவியில், அரிதாக, சிகிச்சை பெற்ற இடத்தில் கொழுப்பு குறைவதற்கு மாறாகக் கட்டியாக வளர்ந்துவிடுவதுண்டு. வெப்பத்தாலும் லேசராலும் தோலை இறுக்கும் கருவிகள் கைதேர்ந்தவரிடம் கூடுதல் உதவி. கைதேராதவரிடம் உள்ளிருந்து சுடும் நெருப்பு. கருவியின் பெயரை விளம்பரப்படுத்தி, அதைப் பிடிப்பவரின் பெயரைச் சொல்லாத இடங்கள் பெருகியிருப்பது இத்தொழிலில் வந்த மாற்றங்களில் வருந்தத்தக்கது.

இன்னொரு மாற்றம் கைப்பேசியால் வந்தது. முன்பு கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இன்று செல்ஃபியைக் காட்டுகிறார்கள். கொரோனா ஊரடங்குக்குப் பின் காணொளிக் கூட்டங்களில் தம் முகத்தைத் தாமே மணிக்கணக்கில் பார்த்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். மடியில் வைத்த மடிக்கணினி கீழிருந்து பார்க்கும்போது எவருக்கும் இரட்டை நாடி தெரியும். ஒரு முழத் தூரத்தில் பிடித்த கேமரா நடுமுகத்தைப் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே ஒன்றரை மீட்டர் தூரத்தில், ஒரே வெளிச்சத்தில், கண்ணும் காதும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கும் படங்களை முதலில் காட்டுவது வழக்கமாயிற்று. அவற்றைப் பார்த்துவிட்டு, நான் இவ்வளவு நன்றாகவா இருக்கிறேன் என்று கேட்டு எழுந்து போனவர்கள் ஒருவர் இருவரல்லர்.

யாரிடம் செய்துகொள்வது என்பதில் தயக்கத்துக்கே இடம் இருக்கக் கூடாது. 2016இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர், தகுதியில்லாத இடத்தில் முடி நடும் சிகிச்சைக்குப் பின் இறந்தார்; மருத்துவம் படித்தவரையே அந்த விளம்பரம் நம்ப வைத்தது என்றால் மற்றவர்களின் நிலை சொல்லாமலே விளங்கும். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றவரா என்பதையும், மருத்துவக் கவுன்சிலில் அவருடைய பதிவு எண்ணையும், சிகிச்சை நடக்கும் கட்டடம் மருத்துவ நிறுவனமாகப் பதிவு பெற்றதா என்பதையும், மயக்க மருத்துவர் கடைசிவரை உடனிருப்பாரா என்பதையும் கேட்பது அவமதிப்பாகாது. சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் கூறியபடி, நோயாளியின் ஒப்புதல் குறிப்பிட்ட சிகிச்சைக்கு மட்டுமே செல்லும். ஆகவே ஒப்புதல் படிவத்தில் கழுத்து என்றிருந்தால் கன்னத்தைத் தொட எவருக்கும் உரிமையில்லை. படிவத்தை முந்தின நாளே வாங்கி வீட்டில் படிக்க வேண்டும். அறுவை மேசையில் படுத்தபின் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. மருத்துவக் காப்பீடு இதற்குப் பணம் தராது. அழகுக்கான அறுவை என்பதால் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பள்ளி ஆசிரியை பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் வந்தார். அதற்குள் நியூயார்க்கின் சிட்னி கோல்மன் போன்றோர் செப்பம் செய்திருந்த, கொழுப்பை எடுத்து வேறிடத்தில் துளித்துளியாக நிரப்பும் முறை இங்கும் பழக்கத்துக்கு வந்திருந்தது. அவர் வயிற்றிலிருந்து சிரிஞ்சால் கொழுப்பை எடுத்து, வடித்து, கழுத்தில் ஒட்டியிருந்த தோலைக் கூர்நுனி ஊசியால் மெல்லப் பிரித்து, அந்தப் பள்ளத்தில் 8 மில்லிலிட்டர் வைக்கப்பட்டது. வைத்ததில் ஒரு பகுதி கரைந்துபோவது இயல்பு என்பதால் ஆறு மாதம் கழித்து இன்னும் 5 மில்லிலிட்டர் தேவைப்பட்டது. இரண்டுக்கும் அவரிடம் கட்டணம் வாங்கப்படவில்லை. கோடுகள் முழுதாகப் போகவில்லை; உரக்கப் பேசும்போது இடப்பக்கத்தில் ஒன்று இன்னும் மெலிதாக ஓடுகிறது. ஆண்டுக்கொரு முறை அவர் வந்து அதே நாற்காலியில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்.